பீட்டர் பார்க்கர் அந்தப் பேரத்துக்குச் சம்மதிக்கமாட்டான்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பின் வாசகர் பக்கத்தில் அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அமெரிக்கச் சித்திரக்கதை நாயகர்கள் இயல்புக்கு மாறாக எழுதப்படுகிறார்கள் என்று வருந்தும் வாசகர்களை அவர் கடிந்துகொண்டிருந்தார். "இல்லாத மனிதனுக்கு ஏது இயல்பு? எழுதுகிறவர் ஆட்டிவைக்கும் பொம்மைதானே?" என்று கேட்டிருந்தார். அதற்கான பதில் என் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் 31 வருடங்கள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவள். என் தம்பி கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லயத்துக்கு வரும்போது, மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய ஆங்கிலச் சித்திரக்கதைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவான். சிலவற்றுக்கு அட்டை இருக்காது, சிலவற்றில் நடுத்தாள் கழன்றிருக்கும். அவற்றை வகுப்புக்குக் கொண்டுபோனால் பிள்ளைகள் படத்தில் விரலை வைத்து, "டீச்சர், இவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்பார்கள். நாற்பது பிள்ளைகளுக்கும் சொல்லி மாளவில்லை. கொப்பித் தாளைப் பேச்சுக் குமிழியின் அளவுக்குக் கத்தரித்து, அதில் தமிழில் எழுதி, கோதுமை மாப் பசையால் ஆங்கிலத்தின் மேல் ஒட்டத் தொடங்கினேன். எங்கள் ஊர் ஈரத்தில் பசை பூஞ்சணம் பிடிக்கும், கரப்பான் வேறு அரிக்கும். அதனால் பசை காய்ச்சும்போது சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பேன். அந்தத் துண்டுகள் இன்றும் விழாமல் நிற்கின்றன.

ஒட்டும் வேலை எளிது. யார் எப்படிப் பேசுவார் என்று தீர்மானிப்பதுதான் கடினம். ஸ்பைடர் மேனாகிய பீட்டர் பார்க்கரை வளர்த்த மே என்ற மூதாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'ஆன்ட்டி' என்ற ஒரே சொல்லோடு வேலை முடிந்துவிடும். தமிழில் அவர் மாமியா, அத்தையா, சித்தியா, பெரியம்மாவா? மேயின் கணவர் பென், பீட்டருடைய தகப்பனாரின் உடன்பிறந்தவர், தலை முழுக்க நரைத்தவர். ஆகவே பெரியப்பா, பெரியம்மா என்று முடிவுசெய்தேன். கன்சாஸ் மாநிலத்து விவசாயத் தம்பதி வளர்த்த பிள்ளை சூப்பர் மேன். அவன் வாயில் பிடிபட்ட திருடனுக்குக்கூட 'நீங்கள்'தான் வரும் என்று எனக்குத் தோன்றியது. பேட்மேனுக்குச் சின்னத் துண்டே போதும், அவன் நாலு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. பீட்டர் அடிவாங்கும்போதுதான் அதிகம் கேலி பேசுவான். பயம் கூடக்கூடக் கேலியும் கூடும். இப்படிச் சில நூறு பக்கங்கள் ஒட்டிய பிறகு அவர்கள் பேசுவது காதில் கேட்கத் தொடங்கிவிடும். ஒரு வரி பிசகினாலும் பேனா நின்றுவிடும். இயல்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

என் பேனா அப்படி நின்றுபோன ஓர் இடத்தைச் சொல்கிறேன். அதற்கு முன் அது நிற்காமல் ஓடிய இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் 1962 இல் ஸ்பைடர் மேனை உருவாக்கினார்கள். 1966 பெப்ரவரித் திகதியிட்ட 33 ஆவது இதழின் மறுபதிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. முன்னொரு சமயம் பீட்டர் இரத்தம் கொடுத்துப் பெரியம்மாவைக் காப்பாற்றியிருந்தான். அவனுடைய இரத்தத்திலிருந்த கதிரியக்கமே இப்போது அவரைச் சாகக் கிடத்தியிருக்கிறது. அவரைப் பிழைக்கவைக்கும் மருந்து தரையில் கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது. பீட்டரின் முதுகின்மேல் வீடளவு இயந்திரம் விழுந்து கிடக்கிறது. மேலேயிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. தூக்கிப் பார்க்கிறான், முடியவில்லை. பென் பெரியப்பாவை நினைக்கிறான். பெரியம்மாவை நினைக்கிறான். மறுபடி தூக்குகிறான். பக்கத்துக்குப் பக்கம் டிட்கோவின் கட்டங்கள் பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் முழுப் பக்கத்தில் இயந்திரம் மேலே எழும்புகிறது. அந்தப் பக்கங்களின் ஓரங்கள் பிள்ளைகளின் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருக்கின்றன. அங்கே நான் அதிகம் எழுத வேண்டியிருக்கவில்லை. எழுதியதெல்லாம் முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

சில வருடங்களுக்குப் பின் கனடாவிலிருக்கும் மருமகன் ஒரு பார்சல் அனுப்பினான். 2007 இன் இறுதியில் வெளியான கதை அதில் இருந்தது. பீட்டர் தன் முகமூடியை உலகத்தின் முன் கழற்றிவிட்டான். அதன் விளைவாக, அவனைக் குறிவைத்த துப்பாக்கிக் குண்டு பெரியம்மாவைத் தாக்கிவிட்டது. மறுபடியும் அதே பெரியம்மா, அதே மரணப் படுக்கை, காரணமும் அதே பீட்டர்தான். இப்போது மெஃபிஸ்டோ என்ற பேயரசன் வந்து பேரம் பேசுகிறான். கிழவியைப் பிழைக்கவைக்கிறேன், பதிலாக உங்கள் திருமணத்தைக் கொடுங்கள் என்கிறான். பீட்டரும் அவன் மனைவி மேரி ஜேனும் கொடுத்துவிடுகிறார்கள். 1987 இல் வாசகர்கள் கண்ணெதிரே நடந்த திருமணம் நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. அதைப் பறிகொடுத்த இருவருக்கும் அதன் நினைவுகூட மிஞ்சவில்லை.

பீட்டர் யார்? தப்பியோடிய திருடனைத் தடுக்காமல் விட்டவன். அந்தத் திருடனே பெரியப்பாவைக் கொன்றான் என்று அறிந்த இரவிலிருந்து, தன் செயலின் விளைவைத் தானே சுமப்பவன். வலிமையோடு பொறுப்பும் வந்தாக வேண்டும் என்ற அந்தப் பேர்பெற்ற வரியைப் பெரியப்பா சொன்னதாகவே பலரும் நினைக்கிறார்கள். 1962 இன் கதையில் அது கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் வார்த்தையாக வருகிறது. அதை யாரும் அவனுக்குப் போதிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டான். அப்படிப்பட்டவன் முகமூடியைக் கழற்றியதன் பலனை ஒரு பேயிடம் கொடுத்து அழித்துக்கொள்கிறான். இழந்ததை நினைத்து அழும் பாரம்கூட அவனுக்கு இல்லை. 1995 இல் 400 ஆவது இதழில் இதே மே பெரியம்மா கண்மூடியபோது, கட்டிலருகே இருந்து அவன் விடைகொடுத்து அனுப்பினான். (இறந்தது அவரல்ல, ஒரு நடிகை என்று பிற்பாடு எழுதி அந்த நல்ல கதையையும் கெடுத்தார்கள்.) அன்று விடைகொடுக்க முடிந்தவனுக்கு இடையில் என்ன நேர்ந்தது? கதையில் அதற்குப் பதில் இல்லை.

சம்மதம் சொல்லும் கட்டத்துக்கு என்னால் தமிழ் எழுத முடியவில்லை. எல்லாம் சாதாரண ஆங்கிலச் சொற்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளை மொழிபெயர்த்துவிடும். ஆனால் எத்தனை தடவை எழுதினாலும் வேறு யாரோ பீட்டரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பேசுவதுபோலவே இருந்தது. கத்தரித்த துண்டை அந்தப் பக்கத்திலேயே வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டேன். என் வீட்டுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் அதைப் பார்த்து, "டீச்சர், துண்டு கழன்றுவிட்டதா?" என்று கேட்கிறார்கள்.

திருமணமான பீட்டருக்கு வயதாகிவிட்டதாகத் தெரிகிறது, இளம் வாசகர் ஒட்டமாட்டார்கள் என்று அப்போதைய தலைமை ஆசிரியர் ஜோ கெசாடா வெளிப்படையாகவே சொல்லிவந்தார். அந்தக் கதைக்குப் படம் வரைந்தவரும் அவரே. எழுதிய ஜே. மைக்கல் ஸ்ட்ராசின்ஸ்கிக்கு முடிவில் உடன்பாடு இல்லை. கடைசி இரண்டு இதழ்களிலிருந்து தன் பெயரை எடுத்துவிட விரும்பியதாக அவரே பகிரங்கமாகச் சொன்னார். ஆக, எழுதுகிறவர் விருப்பம் என்று அன்பர் சொல்கிறாரே, இங்கே அதுகூட இல்லை. முடிவு முதலில் வந்தது, பிறகு அந்த முடிவுக்குத் தோதாகப் பீட்டரை வளைத்தார்கள். பதிப்பகத்துக்குத் தன் காரணம் இருக்கட்டும், அந்தக் காரணத்துக்கு விலைகொடுக்கப் பீட்டரின் குணத்தையா எடுப்பது?

இதை நான் சித்திரக்கதையில் கற்கவில்லை. என் தகப்பனார் மாசி மாதக் காமன் கூத்தில் பல வருடங்கள் ரதி வேடம் கட்டியவர். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு வருடம் இளைஞர்கள் சிலர் கூத்து வாத்தியாரிடம் வந்து, மன்மதன் சிவனோடு சண்டைபிடித்து வெல்வதுபோல் ஆடலாம், சனம் கைதட்டும் என்றார்கள். எங்கள் வாசலில் உட்கார்ந்து சலங்கைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த வாத்தியார் நிமிரவில்லை. "பாட்டை மாற்று, தாளத்தை மாற்று, ரதிக்கு இன்னும் நாலு அடி ஒப்பாரி வை. ஆனால் மனைவி அழுது தடுத்தும் எரியப் போகிறவன்தான் காமன். அதை எடுத்துவிட்டால் நான் யாருக்கு வேடம் கட்டுவது?" என்றார். தமிழ்நாட்டு லாவணியிலே எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு கட்சிகள் விடியவிடிய வாதாடும். காமன் எரிந்தான் என்று ஒன்று, எரியவில்லை என்று மற்றொன்று. ஆனால் அவன் அம்பை எய்யாமல் பயந்து வீட்டிலிருந்தான் என்று எந்தக் கட்சியும் பாடாது. அங்கே பொம்மையை ஆட்டுகிறவருக்கும் கட்டு உண்டு.

மாறவே கூடாது என்று நான் சொல்வதாக அன்பர் எண்ண வேண்டாம். நம் தலைமுறை தமிழில் உருகி உருகிப் படித்த இரும்புக்கை மாயாவி, 1962 இல் இங்கிலாந்தில் பிறந்தபோது நல்லவன் அல்லன். கண்ணுக்குத் தெரியாமல் மறையும் வல்லமை கிடைத்ததும் குற்றத்தில் இறங்கியவன். கதை கதையாக நடந்தே நல்லவனானான். இன்னோர் உலகத்துக் கதையாக 2013 இல் தொடங்கிய ஒரு தொடரில், மனைவியையும் பிறக்காத பிள்ளையையும் இழந்த சூப்பர் மேன் கொடுங்கோலனாகிறான். அதை ஒட்டும்போது அவனுடைய 'நீங்கள்' எந்தப் பக்கத்தில் 'நீ' ஆக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கை நடுங்கியது, ஆனால் எழுத முடிந்தது. துக்கம், கோபம், பிறகு தான் சொல்வதே சட்டம் என்ற நினைப்பு என்று படிப்படியாக வழி போட்டிருந்தார்கள்.

பச்சை விளக்குப் படையின் (கிரீன் லான்டர்ன்) நாயகன் ஹால் ஜோர்டனுக்கு 1994 இல் அந்த வழியைப் போடவில்லை. ஊர் அழிந்த துயரத்தில் மூன்றே இதழ்களுக்குள் தோழர்களையே தாக்கி வீழ்த்துபவனாக்கினார்கள். பத்து வருடங்களுக்குப் பிறகு, ஏதோ ஒரு சக்தி அவனுக்குள் புகுந்திருந்தது என்று எழுதிச் சரிக்கட்டினார்கள்.

கெப்டன் அமெரிக்கா விஷயம் இன்னும் வலிக்கிறது. அவனைப் படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். 1941 மார்ச் திகதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே, அமெரிக்கா போரில் இறங்குமுன்பே, அவன் ஹிட்லரின் முகத்தில் குத்தும் படத்தைப் போட்டார்கள். கிர்பி பின்னர் படைவீரராக ஐரோப்பாவில் போரிட்டவர். 2016 மேயில் வந்த இதழின் கடைசிப் பக்கத்தில் அதே நாயகன், நாஜிகளோடு தொடர்புள்ள ஹைட்ரா என்ற தீய இயக்கத்துக்கு வாழ்த்துச் சொல்கிறான். மந்திரக் கனசதுரம் ஒன்று அவன் கடந்த காலத்தையே மாற்றிவிட்டது என்று அடுத்த இதழில் விளக்கினார்கள். மறுவருடம் உண்மையான ஸ்டீவ் (கெப்டன் அமெரிக்காவின் சொந்தப் பெயர்) திரும்பியும் வந்தான். விளக்கம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு யூத இளைஞர்கள் எதற்காக அவனைப் படைத்தார்களோ, அதையே ஒரு கடைசிப் பக்கத்து அதிர்ச்சிக்காகச் செலவழித்தது எனக்குப் பொறுக்கவில்லை.

பெண் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். 1980 இல் அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் குழுவின் 200 ஆவது இதழில் கரோல் டான்வர்ஸ் என்ற வீராங்கனை, இயந்திரங்களின் துணையோடு தன் மனத்தை வசப்படுத்தியவனுடனேயே மகிழ்ச்சியாகப் புறப்பட்டுப் போவதாக எழுதினார்கள். தோழர்கள் வாழ்த்தி அனுப்பினார்கள். அவளுடைய கதைகளை நெடுநாள் எழுதியிருந்த கிறிஸ் கிளேர்மொண்ட் அதைத் தாங்கமாட்டாமல், 1981 இல் அதே அவெஞ்சர்ஸின் ஆண்டு மலரில் அவளைத் திரும்பக் கொண்டுவந்தார். எனக்கு நடந்தது உங்களில் ஒருவருக்குமா விளங்கவில்லை என்று அவள் அத்தனை பேரையும் நிறுத்திவைத்துக் கேட்கிறாள். அந்தப் பக்கத்துக்கு நான் ஒட்டிய துண்டுகளில் பசை அதிகமாகிப் பக்கமே விறைத்துப்போயிருக்கிறது. பாத்திரத்தை அறிந்த ஒருவர் பேனாவை எடுத்ததும் அவளுடைய குரல் அவளுக்குத் திரும்பிவிட்டது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் பக்கத்தில் இந்த நாயகர்களின் கதைச் சுருக்கங்கள் அவ்வப்போது வருகின்றன. அவற்றில் எந்தக் கதையை யார் எழுதியது, யார் வரைந்தது, எந்த வருடம் என்று ஒரு வரி சேருங்கள். 1939 இல் பேட்மேனை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்ட பில் ஃபிங்கருக்கு முறையான பெயர்ப் பதிவு 2015 இல்தான் கிடைத்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. 1966 இல் இயந்திரத்தைத் தூக்கிய பீட்டரும் 2007 இல் பேரம் பேசிய பீட்டரும் வெவ்வேறு கைகளில் இருந்தவர்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

கடிதம் எழுதிய அன்பர் தலவாக்கலைப் பக்கம் வர நேர்ந்தால் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். தேநீர் தருகிறேன். தகரப் பெட்டியைத் திறந்து அந்த வெறும் கட்டத்தைக் காட்டுகிறேன். கத்தரித்த துண்டு இன்னும் பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. பென்சிலும் கொடுக்கிறேன். பீட்டருடைய குரலில் அந்தச் சம்மதத்தை அவர் எழுதிக்காட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தலவாக்கலை.