சித்தப்பாவுக்கும் திடலில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பால்மர (ரப்பர்) தோட்டத்தில் பிறந்து ராணுவத்துக்குப் போனவர் என் சித்தப்பா. எல்லைக் காட்டில் கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தார். மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் சரி. ஆனால் பேச்சு நின்றுபோனது. போன மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் தோட்டப் பட்டணத் திடலில், பையன்கள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து இரும்புக் குண்டு எறியச் சொன்னார்கள். அன்றிரவு சித்தியிடம் அரை மணி நேரம் பேசினார்!

1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன், காயமடைந்த 16 முன்னாள் படையினருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டி அதிலிருந்து வளர்ந்ததுதான். எங்கள் திடலுக்குச் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளமும், உட்கார்ந்து ஆடும் கைப்பந்துக்குத் தாழ்வான வலையும் போதும். நகராண்மைக் கழகமும் இளைஞர் மன்றங்களும் சேர்ந்து இதைச் செய்து தர வேண்டும்.

வாசகி, பேராக்