வேருக்கு ஒரு மீட்டர் மண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் புங்க மரத்தின் அடியை ஒட்டியே, சென்ற மாதம் தெருவைச் சீரமைத்தபோது, சிமென்ட் கற்களைப் பதித்துவிட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் வேருக்கு இறங்காமல் நேரே சாக்கடைக்கு ஓடுகிறது. இலைகள் பருவம் தவறிப் பழுத்து உதிர்வதைத் தினமும் பெருக்கி அள்ளுகிறேன். தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு கான்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டே ஆணையிட்டது. அந்த ஒரு மீட்டர் மண்ணைத்தான் நம் ஊருக்கும் கேட்கிறேன்.

ஆண்டுதோறும் கன்று நடுகிறோம். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் நீருக்கு வழிவிட மட்டும் மனம் வரவில்லை. கன்னங்குறிச்சி மூக்கனேரியில், தூர்வாரிய மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாகக் குவித்துப் பொதுமக்கள் மரம் வளர்த்தார்கள். இன்று அங்கே பறவைகள் அடைகின்றன. சிங்கப்பூரிலோ, கல்லாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, கற்களும் செடிகளின் வேர்களும் கரையைப் பிடித்துநிற்க, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக 2012-இல் மாற்றினார்கள். நம் ஊர் வழியே ஓடும் திருமணிமுத்தாற்றுக்குச் சுவர் எழுப்புவதையே அழகுபடுத்துவதாக நாம் எண்ணுவது எனக்குப் பெரும் வருத்தம். கரையில் மருதும் நாவலும் வேரூன்ற இடம் விட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், மரத்தடிக் கற்களையாவது பெயர்த்தெடுக்கப் பொறுப்பில் உள்ளவர்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.