ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு

தம்பி,

உன் ராக்கெட் எவ்வளவு உயரம் போகும் என்று ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் கணக்குப் போட்டு நீ அனுப்பிய கோப்பை முந்தாநாள் ராத்திரிதான் திறந்து பார்க்க முடிந்தது. கூடவே வந்த செய்தியில் ஒரே வரி: "9,412 மீட்டர் வருதும்மா!" எப்படி இருக்கீங்க என்று ஒரு வார்த்தை இல்லை. இருக்கட்டும், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ தட்டச்சு செய்துகொண்டிருப்பாய், எனக்குச் சத்தம் கேட்கும். அதனால்தான் கடிதம். இதை உட்கார்ந்து படி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 75 மில்லிமீட்டர் உடல், மோட்டாரை ஒட்டியே குழாய், எம் வகுப்பு மோட்டார், நீளமான மூக்குக்கூம்பு. பார்க்க அழகாக இருக்கிறது. நான் முதன்முதலில் வரைந்ததைவிட எவ்வளவோ மேல். அப்புறம் ஃபின் பக்கம், அதாவது வால் இறக்கைப் பக்கம், போனேன். தடிமன் 2 மில்லிமீட்டர் என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், அதே 2 தான். மார்ச் மாதம் நீ அனுப்பிய பழைய கோப்பில் 3 இருந்ததே, ஏன் குறைத்தாய்? காரணம் நீ சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். 3 போட்டால் ஒன்பதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடுகிறது. 2 போட்டால் 9,412.

உனக்கு அப்போது ஒன்பது வயது. என்னுடைய 54 மில்லிமீட்டர் ராக்கெட் ஞாபகம் இருக்கிறதா, ஆரஞ்சு நிறத்தில்? அதற்கு நானும் இதையேதான் செய்தேன். திரையில் ஃபின்னைக் கொஞ்சம் மெலிதாக்குவேன், உயரம் நூறு மீட்டர் ஏறும். இன்னும் கொஞ்சம் மெலிதாக்குவேன், இன்னும் ஏறும். ஒரு வாரம் ராத்திரி முழுக்க அந்த எண்ணோடு விளையாடினேன். ஏவிய அன்று மோட்டார் எரிந்து முடியும் தறுவாயில் மேலே ஒரு "டப்" சத்தம். வெள்ளைப் புகைக்கோடு நேராகப் போய் திடீரென்று சுருண்டது. நீதான் ஓடிப்போய் மண்ணில் குத்தி நின்ற ஒரு ஃபின்னைப் பிடுங்கி எடுத்து வந்தாய். வேரோடு பிய்ந்திருந்தது. "இது மட்டும் நல்லா இறங்கியிருக்கும்மா" என்றாய். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. அது ஃபின்னை வளையாத ஒரு பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. காற்றின் இழுவை எவ்வளவு, ஃபின் எவ்வளவு நிலைத்தன்மை தருகிறது என்று கேட்டால் பதில் சொல்லும். படபடக்குமா என்று அதற்குத் தெரியாது, நீயும் கேட்கவில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் மெல்லிய ஃபின் கொடி மாதிரி அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் ஒரு கண்சிமிட்டலில் முடிந்துவிடும். அந்த எல்லை வேகம் தடிமனின் ஒன்றரை அடுக்கோடு போகிறது. 3 மில்லிமீட்டரை 2 ஆக்கினால் எல்லை வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நீ லாபம் பார்த்த முந்நூற்றுச் சொச்சம் மீட்டருக்கு அதுதான் விலை. மேலே காற்று மெலிதாக இருப்பதால் அங்கே ஆபத்து குறைவு. தாழ்வாகவும் வேகமாகவும் இருக்கும் நேரம்தான் மோசமானது, அதாவது மோட்டார் அணையும் தருணம். உன் வரைபடத்தில் அந்த இடத்தில் மாக் 2.1, அதாவது ஒலியின் வேகத்தைப்போல 2.1 மடங்கு, காட்டுகிறது. ஃபின்னின் நீட்டம், அடி அகலம், நுனி அகலம், பொருளின் முறுக்கு விறைப்பு, அந்த உயரத்தின் காற்றழுத்தம், இவ்வளவையும் வைத்து ஒரு தாளில் கணக்குப் போடு. வருகிற எல்லை வேகம் உன் உச்ச வேகத்தைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். நான் கால் பங்காவது இடைவெளி விடுவேன்.

மாக் 2.1 என்றதும் இன்னொன்று. அந்த வேகத்தில் ஃபின்னின் முன்விளிம்பில் வந்து முட்டி நிற்கும் காற்று சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். சில வினாடிகள்தான், ஃபின் முழுக்க அந்தச் சூடு ஏறாது. ஆனால் சாதாரண எபாக்ஸி பசை நூறு டிகிரிக்கு முன்பே இளகிவிடும். முன்விளிம்புக்கும் வேர்ப்பகுதிக்கும் சூடு தாங்கும் எபாக்ஸி போடு. இதையும் மென்பொருள் உனக்குச் சொல்லாது.

சரி, நிலைத்தன்மைக்கு வருகிறேன். எடை மையத்துக்கும், காற்றின் தள்ளல் மொத்தமும் வந்து சேரும் அழுத்த மையத்துக்கும் நடுவே விட்டத்தின் 1.4 மடங்கு இடைவெளி என்று திரையின் மூலையில் காட்டுகிறது. நீயும் நிம்மதியாகிவிட்டாய். அந்த அழுத்த மையம் எந்த வேகத்துக்கு என்று பார்த்தாயா? ஓப்பன்ராக்கெட் அங்கே காட்டுவது மாக் 0.3க்கு. ஒலியின் வேகத்தைத் தாண்டி மேலே போகப் போக ஃபின்களின் பிடி தளரும், அழுத்த மையம் மூக்குப் பக்கம் நகரும். இன்னொரு பக்கம் எரிபொருள் தீரத் தீர எடை மையமும் மூக்குப் பக்கம் நகர்கிறது. இரண்டும் ஒரே திசையில் ஓடுகின்றன, எடை மையம்தான் முன்னால் இருக்க வேண்டும், யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ராக்கெட் நேராகப் போவதும் குப்புறக் கவிழ்வதும். ராஸ்ஏரோ என்ற இன்னொரு மென்பொருளில் அதே வடிவத்தை மறுபடி வரைந்து, வேகத்துக்கு எதிராக அழுத்த மையத்தைப் பார். ஒலியைவிட வேகமாகப் பறப்பதற்கு அதன் கணக்கை நான் அதிகம் நம்புவேன். இரண்டு மென்பொருளும் உயரத்தில் வேறு வேறு எண் சொல்லும். சொல்லட்டும். அந்த வித்தியாசமே உனக்கு ஒரு தகவல்தான்.

இதையெல்லாம் நான் கையால் போட்ட காலம் ஒன்று உண்டு. 1960களில் நாசாவில் இருந்த ஜேம்ஸ் பாரோமன் பொழுதுபோக்கு ராக்கெட்காரர்களுக்காக எளிமையாக்கிக் கொடுத்த சமன்பாடுகள், ஒரு கால்குலேட்டர், ஒரு பென்சில். அதற்கும் முன்னால் அட்டையில் ராக்கெட்டின் நிழலுருவை வெட்டி விரல்மேல் நிறுத்திப் பார்ப்பார்கள். நீ சொடுக்குகிற இடத்துக்கு அடியில் இன்றைக்கும் அதே பாரோமன் கணக்குதான், கொஞ்சம் விரிவாக்கப்பட்டு ஓடுகிறது. ஓப்பன்ராக்கெட்டே 2009இல் ஃபின்லாந்தில் ஒரு மாணவர் முதுகலை ஆய்வுக்காக எழுதியதில் தொடங்கியதுதான். வெறும் திரையாகப் பார்க்காமல், ஒரு மனிதர் சில அனுமானங்களோடு எழுதிய கணக்காகப் பார்த்தால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று தானாகத் தெரியும்.

இப்போது எடை. உன் கோப்பில் எல்லாப் பாகத்தின் எடையும் மென்பொருள் தானே கணக்கிட்டதாக இருக்கிறது. பசை எங்கே? பெயின்ட் எங்கே? திருகு, வளையம், பாராசூட் கயிறு, பேட்டரி எங்கே? தராசை எடு. ஒவ்வொன்றையும் நிறுத்து உள்ளே எழுது. முழுதாகச் சேர்த்த பிறகு மோட்டாரோடு ஒரு விளிம்பின்மேல் வைத்து, எங்கே சமமாக நிற்கிறதோ அந்த இடத்தை அளந்து, எடை மையமாக அதையே போடு. என் ராக்கெட் எதுவும் கணக்கைவிட இலேசாக வந்ததே இல்லை.

எடை கூடினால் உயரம் குறையும் என்று பயப்படுகிறாய் என்று நினைக்கிறேன். இங்கேதான் எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. உன் மோட்டார் எரிவது நாலைந்து வினாடிதான். அதற்கப்புறம் முப்பது வினாடிக்கு மேல் அது சும்மா வேகத்தின் மிச்சத்தில் ஏறுகிறது. பிங்பாங் பந்தையும் அதே அளவு கல்லையும் ஓங்கி எறிந்து பார், எது தூரம் போகிறது? மிக இலேசான ராக்கெட் வேகமாகப் புறப்பட்டு, காற்றில் சீக்கிரமே சோர்ந்துவிடும். ஒவ்வொரு மோட்டாருக்கும் வடிவத்துக்கும் உயரம் அதிகம் தருகிற ஒரு எடை உண்டு. மூக்கில் 100, 200, 300 கிராம் என்று ஏற்றி ஏற்றி ஓட்டிப் பார். உன் ராக்கெட் அந்த எடைக்குக் கீழே இருக்கிறது என்பது என் சந்தேகம். அப்படியானால் மூக்கில் எடை வைப்பதால் உயரமும் கூடும், நிலைத்தன்மையும் கூடும். ஃபின்னைச் செதுக்கிச் சம்பாதித்ததை இங்கே பத்திரமாகச் சம்பாதித்துவிடலாம்.

ஏவும்போது ராக்கெட்டை வழிநடத்தும் ரெயிலின் நீளம் 2.4 மீட்டர், வெளியேறும் வேகம் நொடிக்கு 30 மீட்டர் என்று காட்டுகிறது. ராக்கெட்டை ரெயிலில் பிடித்திருக்கும் பட்டன்களில் மேல் பட்டன் ரெயிலை விட்டதுமே ராக்கெட் திரும்ப ஆரம்பிக்கலாம், அதனால் உண்மையில் 25 என்று வைத்துக்கொள். பக்கக் காற்றைப்போல நாலு மடங்காவது இருக்க வேண்டும் என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. அன்றைக்குக் காற்று நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் போனால் பொட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வா. களத்தின் உயரத்தையும் போட மறந்திருக்கிறாய். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் மேலே இருக்கிற இடத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே குறைந்திருக்கும். உன் எண் அதனால் மாறும்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். தரையிலிருந்து உச்சிவரை ஒரே 3 மீட்டர் வேகம் என்று போட்டிருக்கிறாய். ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் காற்று நொடிக்கு 30, 40 மீட்டர் அடிப்பது சாதாரணம். வானிலைக்காரர்கள் தினம் இரண்டு வேளை பலூன் விட்டு இதை அளக்கிறார்கள், அந்த அட்டவணையை எடுத்து அடுக்கடுக்காகப் போடு. போட்டதும் உச்சியில் வேகம் எவ்வளவு என்று பார். உச்சியில் பூஜ்யம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். செங்குத்து வேகம்தான் பூஜ்யம். சாய்ந்து ஏறிய ராக்கெட் உச்சியில் பக்கவாட்டில் நொடிக்கு 50 மீட்டர் ஓடிக்கொண்டிருக்கலாம், பாராசூட் அந்த வேகத்தில்தான் விரியும். கயிறு அதைத் தாங்குமா என்று அப்போது தெரியும்.

இறங்குவதைப் பார். சின்ன பாராசூட்டில் சராசரி 30 மீட்டர் வேகத்தில் இறங்கினால் தரைக்கு வர ஐந்து நிமிடம். சராசரிக் காற்று 12 மீட்டர் என்றால் நாலு கிலோமீட்டருக்குள் விழும், நடந்து போய் எடுத்துவிடலாம். தரைக்கு அருகே விரிய வேண்டிய பெரிய பாராசூட் தவறிப்போய் உச்சியிலேயே விரிந்தால் இருபது நிமிடம் மிதக்கும், பதினான்கு கிலோமீட்டர் தள்ளிப் போகும். இந்த இரண்டாவதையும் ஓட்டிப் பார்த்து, வரைபடத்தில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார். ஊரோ சாலையோ இருந்தால் அந்தத் திசைக் காற்றில் ஏவாதே.

கருவிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீ என்னைவிட நன்றாகப் படித்தவன். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது அழுத்தமானி தாறுமாறாகக் காட்டும், அந்த நேரத்தில் உச்சி வந்துவிட்டது என்று ஏமாறாத கருவியாக வாங்கு. ஜிபிஎஸ்ஸில் நொடிக்கு 515 மீட்டருக்கு மேல் வாய் மூடிக்கொள்ளும் வகைகள் உண்டு, நீ 700ஐத் தொடுகிறாய். அந்த உயரத்தில் காற்று மெலிதாக இருப்பதால் பாராசூட்டைத் தள்ளும் கரிமருந்து சரியாக எரியாமல் போவதும் உண்டு. அனுபவமுள்ளவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு தரையில் சோதித்த பிறகுதான் மேலே அனுப்ப வேண்டும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு ஒரு முறை ஓட்டாதே, முந்நூறு முறை ஓட்டு. ராக்கெட்பை என்ற மென்பொருள் இதற்கு வசதி. மோட்டாரின் மொத்த உந்தலைச் சில சதவீதம் மேலே கீழே, இழுவையைப் பத்து சதவீதம், ரெயிலின் சாய்வை ஒன்றிரண்டு டிகிரி, காற்றைக் கொஞ்சம் என்று தாறுமாறாக மாற்றி ஓடவிடு. 9,412 என்ற ஒற்றை எண் போய், எட்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து பத்தாயிரம் வரை ஒரு கூட்டம் வரும். வான்வெளி அனுமதி கேட்கும்போது அந்தக் கூட்டத்தின் உச்சியைக் கொடு, நடுவை இல்லை.

போன முறை பேசும்போது 2024இல் அமெரிக்க மாணவர்கள் 143 கிலோமீட்டர் போனதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். ஆசைப்படு, நான் தடுக்கவில்லை. அவர்களும் முந்தைய ராக்கெட்டுகள் சிலவற்றை இழந்துதான் அங்கே போனார்கள்.

நீ சின்னவனாக இருந்தபோது ஒவ்வொரு முறை ஏவுவதற்கு முன்னாலும் நாம் மூன்று பேரும் ஆளுக்கொரு எண்ணைச் சீட்டில் எழுதி மடித்து வைப்போமே. அப்பா ஒரு நாளும் மென்பொருளைத் திறந்ததில்லை. என் எண் என்ன என்று கேட்பார், அதிலிருந்து பத்தில் ஒரு பங்கைக் கழித்து எழுதுவார், பாதி நேரம் அவர்தான் ஜெயிப்பார். எனக்கு எரிச்சலாக வரும். உன் 9,412ஐப் பார்த்ததும் அவர் சீட்டு எழுதிவிட்டார், என்ன எண் என்று காட்ட மாட்டேன் என்கிறார். நான் இன்னும் எழுதவில்லை. எடையெல்லாம் நிறுத்துப் போட்ட கோப்பை அனுப்பு, ஃபின் 3 மில்லிமீட்டராக இருக்கட்டும். அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா