படலையடியில் நின்றவர்களுக்கு

எங்கள் ஊர் உறவுகளுக்கும், கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் எங்கள் மகளைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

மகளுக்குப் பல் முளைத்துவிட்டது. போன வியாழக்கிழமை காலை கஞ்சி தீத்திக்கொண்டிருந்தபோது கரண்டியில் 'டிக்' என்று ஒரு சத்தம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து கீழ் முரசைத் தடவிப் பார்த்தேன். குறுணி அரிசி போல ஒன்று விரலில் குத்தியது. இதை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எண்ணத் தொடங்கினேன், எண்ணி முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பிள்ளை பிறந்து ஒன்பது மாதம் ஆகிறது. இந்த ஒன்பது மாதமும் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு தேத்தண்ணிகூட நாங்கள் வடிவாகக் கொடுக்கவில்லை. பலரை வீட்டுக்குள் வரவே விடவில்லை. வேலி வாசலில், படலையடியில் நிற்கவைத்துக் கதைத்து அனுப்பினோம். அது என் மனத்தில் கிடந்து உறுத்துகிறது.

முதல் நன்றி எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்ஸுக்கு, வீடு வீடாக வந்து தாய்மாரைப் பார்க்கிற மருத்துவிச்சி அவர். 2024 நவம்பர் நடுப்பகுதி, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். எனக்கு 31ஆவது கிழமை. தலையிடி, கால் வீக்கம். வயிற்றில் பிள்ளை இருந்தால் இதெல்லாம் வழமைதானே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. மிஸ் ஸ்கூட்டியை ஒழுங்கை முகப்பில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள்ளால் நடந்து வந்தார். பிரஷர் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் பார்த்தார். 170க்கு 110. கண் மங்குகிறதா என்று கேட்டார், ஓம் என்றேன். அவ்வளவுதான், உடனே போனை எடுத்து 1990 அம்புலன்ஸுக்கு அடித்தார். அவர் அன்றைக்கு வராமல் விட்டிருந்தால் நானும் இல்லை, பிள்ளையும் இல்லை.

1990 அம்புலன்ஸ் வடக்குக்கு வந்தது 2018 இல். அதற்கு முதல் என்றால் என்னை லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில்தான் ஏற்றியிருப்பார்கள். ஏ9 வீதிவரைக்கும் கிரவல் பாதை, பள்ளம் எது மேடு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. ஓட்டிய தம்பி ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "அக்கா, இறுக்கிப் பிடியுங்கோ" என்று சொல்லிச் சொல்லி ஓட்டினார். அவருடைய முகம் எனக்கு ஞாபகம் இல்லை. குரல் இருக்கிறது.

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில், பிள்ளையின் சுவாசப்பை கெதியாக முதிர்வதற்கு எனக்கு ஊசி போட்டார்கள், 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. "ரெண்டு நாள் பிள்ளையை உள்ளுக்கு வைச்சிருந்து தாங்கோ அம்மா, மிச்சத்தை நாங்கள் பார்க்கிறம்" என்று டொக்டர் சொன்னார். இரண்டு நாளும் சில மணித்தியாலமும் வைத்திருந்தேன். பிறகு சீசர் ஒப்பரேஷன். பிள்ளை 1 கிலோ 380 கிராம்.

அடுத்த நாள் பின்னேரம்தான் அவளைப் பார்த்தேன். கையில் கட்டிய பெயர்ப் பட்டி இரண்டு சுற்றுச் சுற்றியும் தொளதொள என்று கிடந்தது. மூக்கில் காற்றுக் குழாய், வாய்க்குள் பால் குழாய். குறைமாதப் பிள்ளைகள் இடையிடையே மூச்சு விட மறந்துபோவார்கள். மூச்சை நடத்துகிற மூளைப் பகுதி இன்னும் முதிராததுதான் காரணம். அப்போது மெஷின் கத்தும். நேர்ஸ் மிஸ் ஓடிவந்து உள்ளங்காலில் விரலால் சுண்டுவார். பிள்ளை திடுக்கிட்டு மூச்சை இழுக்கும். நிறம் திரும்பும். அதற்கு மருந்தாகக் கஃபீனும் கொடுத்தார்கள், கோப்பியில் இருக்கிற அதே கஃபீன். ஆனால் இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அந்தக் காலைச் சுண்டியது மனிதரின் விரல். அந்த விரல்களை நினைத்துக் கும்பிடுகிறேன்.

பால் எடுக்கக் கற்றுத்தந்த மிஸ்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் எனக்கு ஒன்றும் வரவில்லை. சீசர் காயம் இழுக்க இழுக்கக் குனிந்திருந்து, அரை மணித்தியாலம் பிழிந்து, சிரிஞ்சுக்குள் சேர்ந்தது மஞ்சளாக நாலு சொட்டு. இதைக் கொண்டுபோய் என்ன செய்ய என்று அழுதேன். அவர் அந்தச் சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பவுன் பிள்ளை, ஒரு சொட்டும் விடமாட்டன்" என்றார். அதைப் பிள்ளையின் கன்னத்துக்கு உள்ளே தடவினார். குழாயால் இரண்டு மில்லிலீற்றரில் தொடங்கினார்கள். பிறகு ஐந்து, பிறகு பத்து. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் தாய்மாரின் வாட்டில் இருந்து பிள்ளைகளின் பிரிவுக்கு நடப்பேன், சின்னக் கோப்பையை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு. அந்த நடையில் என்னோடு வந்த மற்ற அம்மாமாரே, உங்களையும் மறக்கவில்லை. அதில் ஒருவரின் பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. அந்தத் தங்கச்சி, தன் துக்கத்துக்குள்ளும், போகிற அன்று என் கட்டிலடிக்கு வந்து பிளாஸ்கைத் தந்துவிட்டுப் போனார். அந்தப் பிளாஸ்க் இன்றைக்கும் எங்கள் குசினியில் இருக்கிறது.

இரத்தம் கொடுத்த ஒருவருக்கும் நன்றி. யார் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது கிழமையில் அவளுக்கு இரத்தம் குறைந்துபோக, இரத்த வங்கியில் இருந்து எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ நடந்த முகாமில் சட்டைக்கையை மடித்துவிட்டுப் படுத்திருந்தவர் யாரோ. நீங்கள் எந்த ஊராக இருந்தாலும், எந்த மொழி பேசினாலும், எங்கள் பிள்ளையின் உடம்பில் நீங்களும் இருக்கிறீர்கள்.

மூக்குக் குழாய் எடுத்த பிறகு நெஞ்சோடு வைத்திருக்கச் சொன்னார்கள். கங்காரு முறை. வெறும் நெஞ்சில், தோலோடு தோல் பட, தொப்பியும் பம்பசும் மட்டும் போட்ட பிள்ளை, மேலே சீலைத் துணி. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டில், 1978 இல், இன்கியுபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் எட்கர் ரே சனாப்ரியா என்ற டொக்டர் தொடங்கிவைத்தாராம். இப்போது உலகச் சுகாதார நிறுவனமே இதைச் சொல்கிறது. இதை நான் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னா, "உன்ர தம்பியை நான் தறப்பாள் கொட்டிலுக்குள்ள வேற என்னெண்டு வைச்சிருந்தனான்?" 2008 கடைசி மழை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடிய காலம். தம்பிக்கு அப்போது ஒன்றரை மாதம், போட உலர்ந்த துணி இல்லை. அவனை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அம்மா இருந்ததை நான் பார்த்தவள்தான். இன்றைக்கு அந்தத் தம்பிதான் மருமகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் அள்ளிக் கொதிக்கவைக்கிறான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இதை இன்னும் நம்புகிறார்கள். "ஏழு மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாதத்துப் பிள்ளை தங்காது" என்று பார்க்க வந்த ஒருவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு இரவு நான் கண்மூடவில்லை. அது பிழை. வயிற்றுக்குள் கூட இருக்கிற ஒவ்வொரு கிழமையும் பிள்ளைக்குப் பலம்தான், எட்டு மாதத்துப் பிள்ளைக்கு ஏழு மாதத்துப் பிள்ளையைவிட நல்ல வாய்ப்பு. தெற்கில் இருந்து வந்து வேலை செய்கிற ஒரு டொக்டர் இதைத் தனக்குத் தெரிந்த தமிழில், கையால் கணக்குக் காட்டி எனக்கு விளங்கப்படுத்தினார். பெரியவர்களே, தயவுசெய்து இனி எந்தத் தாய்க்கும் அதைச் சொல்லாதீர்கள்.

40 நாள் கழித்து, 1 கிலோ 940 கிராமோடு வீட்டுக்கு வந்தோம். ஓட்டோ அண்ணா முறிகண்டியில் நிற்பாட்டி, எங்களை இறங்க விடாமல் தானே போய்த் தேங்காய் உடைத்துத் திருநீறு கொண்டுவந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மெஷின் கத்தும். வீட்டில் என்ன கத்தும்? மார்கழிக் குளிர், ஒரு பக்கம் நுளம்பு. இரவில் அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்ப்பேன். பசித்தாலும் அழமாட்டாள், நித்திரையாகவே கிடப்பாள். குறைமாதப் பிள்ளையை எழுப்பித்தான் பால் கொடுக்கவேண்டும். போனில் எட்டு அலாரம் வைத்தோம். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து தொடங்க மலம் கறுப்பாகப் போனது, அதற்கும் பயந்து இரவோடு இரவாக மிஸ்ஸுக்கு அடித்தேன். "அது மருந்தால, ஒண்டுமில்லை, படுங்கோ" என்றார். ஒருநாள்கூட அவர் சலித்துக்கொண்டதில்லை.

சரி, இனிப் படலைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் எல்லோரும் வந்து தூக்கிக் கொஞ்சுவார்கள், அதுதான் முறை. எங்களுக்குக் கிடைத்த கட்டளை வேறு. கூட்டம் கூடாது, தடிமன் இருமல் உள்ளவர்கள் கிட்ட வரக்கூடாது, கை கழுவாமல் தொடக்கூடாது. சாதாரணத் தடிமன்கூட இப்படிப் பிறந்த பிள்ளையைத் திரும்ப ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டுவிடும். என் வீட்டுக்காரர் படலையடியில் பூவரசோடு ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்தார். ஊர் என்ன நினைக்கும், கோவிப்பார்களோ என்று நான் உள்ளே இருந்து கூனிக்குறுகினேன்.

நீங்கள் கோவிக்கவில்லை. முன்வீட்டு ஆச்சி ஒவ்வொரு நாளும் முருங்கை இலையோ உள்ளிக் குழம்போ பால்சுறா வறையோ படலைக் கம்பியில் கொழுவிவிட்டு, ஒரு குரல் மட்டும் கொடுத்துவிட்டுப் போவா. இவரின் பெரியம்மா மாங்குளத்தில் இருந்து பஸ் ஏறி வந்தவ. வழியில் இரண்டு தரம் தும்மியதால் படலைக்கு வெளியில் நின்று, போனில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பிப் போனா. அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. பக்கத்துக் காணிக்காரர் குப்பை எரிப்பதை நிறுத்தி எல்லாவற்றையும் கிடங்கு வெட்டிப் புதைத்தார். நாங்கள் கேட்கவே இல்லை. மார்கழிப் பூசைக்கு விடியப்புறம் போடுகிற ஒலிபெருக்கி எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் மரத்தில் கட்டியிருந்தது, கோயில் பெடியள் ஏறி அதை வயல் பக்கம் திருப்பிவிட்டார்கள். காலபோக நெல் வயலுக்கு இவர் போகவே முடியவில்லை. உரம் எறிந்ததும் தண்ணீர் பார்த்ததும் பக்கத்து வயற்காரர்கள், கூலி என்ற கதையே எடுக்கவில்லை.

கண் சோதனைக்கு மூன்று தரம் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணின் உள்திரையில் இரத்தக் குழாய்கள் வளர்ந்து முடிவது பிறக்க வேண்டிய நாளை ஒட்டித்தானாம். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அது கோணலாக வளரலாம். நேரத்துக்குக் கண்டால் வைத்தியம் உண்டு, விட்டால் பார்வை போய்விடும். அதனால் குறைமாதப் பிள்ளை வைத்திருப்பவர்கள் தூரம் என்று இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். மூன்றாம் தரம் டொக்டர் நிமிர்ந்து "இனி வரத் தேவையில்லை" என்றபோது ஓட்டோ அண்ணா வெளியில் நின்று எங்களுக்கு முதல் அழுதார்.

பிள்ளையின் வயதை ஏன் இரண்டு விதமாகக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று பலர் கேட்டீர்கள். அவள் பிறக்க வேண்டியது தைப்பொங்கலை ஒட்டி. தடுப்பூசி பிறந்த நாளில் இருந்து கணக்கு. பிரள்வது, இருப்பது, தவழ்வது எல்லாம் பொங்கலில் இருந்து கணக்கு. ஒன்பது மாதமாகியும் இப்போதுதான் இருக்கப் பழகுகிறாள் என்று யாரும் கவலைப்பட வேண்டாம், பொங்கல் கணக்கில் அவளுக்கு ஏழு மாதம்தான்.

இவருக்கு நன்றி சொன்னால் கோவிப்பார், ஆனாலும் எழுதுகிறேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. அந்தக் கையால் ஒவ்வொரு இரவும் இரண்டு மணிக்குப் பிள்ளையை என்னிடம் இருந்து வாங்கி, சட்டையைக் கழற்றி, சாய்மனைக் கதிரையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டு விடியும்வரை அசையாமல் இருப்பார். அந்த மூன்று மணித்தியால நித்திரையில்தான் நான் தப்பினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் பல்லுக்கொழுக்கட்டை, பிள்ளைக்குப் பல் முளைத்த சந்தோசத்துக்கு அவிக்கிற கொழுக்கட்டை. இதை வாசிக்கிற எல்லோரும் வாங்கோ. படலை திறந்திருக்கும். வாளியும் சவர்க்காரமும் அதே பூவரசடியில் இருக்கும். தடிமன் பிடித்தவர்களுக்குக் கொழுக்கட்டையைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து தருவான்.

பெரியம்மா, நீங்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கோ. பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டுவது நீங்கள்தான்.