ஓர நாடா பெட்டி: செய்முறைத் தாளிலும் பொருள்களிலும் உள்ள குறைகள் குறித்துப் புகார்

அனுப்புநர்:
தையல் - கைவேலைக் குழுவினர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வீட்டிலேயே அலங்கார ஓரம் செய்வதற்கான தங்கள் பெட்டி மூன்று வாங்கினோம். கொலுப்படி விரிப்புக்கும் திண்டு உறைக்கும் சுங்குடித் துணியில் ஓரம் கட்டுவதற்காக. தாளில் உள்ளபடி செய்தால் மூன்றிலுமே வேலை உருப்படாது.

முதல் பிழை அளவில். உள்ளே இருப்பது 18 மி.மீ. நாடா மடிப்பான், அதாவது துணிப் பட்டையை உள்ளே விட்டு இழுத்தால் இரு ஓரத்தையும் மடித்துத் தரும் கருவி. அதற்குத் துணியை 36 மி.மீ. அகலத்தில் வெட்ட வேண்டும். அப்போதுதான் இரு பக்கமும் 9 மி.மீ. மடிந்து நடுவில் சந்திக்கும். தாளில் 25 மி.மீ. என்று போட்டிருக்கிறது. அந்த அகலத்தில் மடிப்பு பக்கத்துக்கு 3.5 மி.மீ.தான் கிடைக்கும், துணி கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கம் மடிப்பே விழாது, ஊசி பிசிறில் ஓடும். அட்டையில் 'அரை மீட்டரில் 20 மீட்டர் நாடா' என்பதும் இந்தக் கணக்கில் வந்ததுதான் போலும்! ஒரு மீட்டர் பன்னா (அகலம்) உள்ள அரை மீட்டர் துணியை 36 மி.மீ.யாக வெட்டினால் கணக்குப்படி 13.9 மீட்டர், ஒட்டுப்போடுவதிலும் மூலைத் துண்டுகளிலும் போவது போக 12 மீட்டர் தேறினால் நல்லது.

அடுத்து, துணியைக் கரையை ஒட்டி நேராக வெட்டச் சொல்கிறீர்கள். விரிப்பின் நேர் ஓரத்துக்கு அது போதும். திண்டின் வட்ட முகப்புக்குப் போதாது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் இழுபடாது, வளைவில் சுருக்கம் விழும். 45 பாகையில் சாய்வாக, கிராஸ் பீஸாக வெட்ட வேண்டும் என்பது எந்தத் தையற்கடையிலும் தெரிந்த விஷயம்.

ஓரம் உருண்டு நிற்க நாடாவுக்குள் வைத்துத் தைக்கும் பைப்பிங் கயிறுதான் பெரிய தொல்லை. 4 மி.மீ. பருத்திக் கயிறு, நனைக்காமலே சுருட்டி வைத்திருக்கிறீர்கள். ஒரு மீட்டர் வெட்டி வெந்நீரில் ஊறவைத்துக் காயவைத்து அளந்தோம்: 95 செ.மீ. உறையைத் துவைத்ததும் உள்ளே கயிறு சுருங்கும், மேல்துணி அந்த அளவுக்குச் சுருங்காது. ஓரம் முழுக்கப் புழு ஊர்ந்ததுபோல நெளியும். தைத்த பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை, பிரித்துத்தான் ஆகவேண்டும்.

குஞ்சத்துக்கான சிவப்பு நூல் சாயம் விடுகிறது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தாலே ஒட்டுகிறது. 'உப்புத் தண்ணீரில் போட்டால் நிற்கும்' என்று தாள் சொல்கிறது. சாயமிடும்போது உப்பு உதவும். நூலில் ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தை அது பிடித்து வைக்காது. தண்ணீர் தெளியும்வரை அலசி அனுப்புவது தங்கள் வேலை.

ஜரிகை இழை பாலியஸ்டர்; பருத்திச் சூட்டில் இஸ்திரி போடச் சொன்னால் சுருண்டுவிடும். குறைந்த சூடு, மேலே ஒரு துணி.

புதிதாகக் கற்பவர் தாளைச் சந்தேகிக்க மாட்டார், தன் கையைத்தான் குறை சொல்வார். ஆகவே,

முன்பே நனைத்துச் சுருங்கவைத்த கயிறும் சாயம் விடாத நூலும் மூன்று பெட்டிக்கும் மாற்றித் தர வேண்டும். தாளையும் அட்டையில் உள்ள 20 மீட்டர் கணக்கையும் திருத்த வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் திருத்தத்தை அனுப்ப வேண்டும். நவராத்திரிக்குப் 15 நாள் முன்பாவது பொருள் வந்து சேராவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவும். பில் நகலும், நனைத்த கயிற்றையும் நனைக்காத கயிற்றையும் அளவுகோலோடு எடுத்த படமும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
குழுவினர்