நாக்குப் பனியனும் கர்ணன் வேடமும்

கிருஷ்ணகிரி,
12.10.2025

அன்புள்ள பங்காளி,

நலம், அங்கும் அவ்வாறே இருக்கும் என்று நம்புகிறேன். உன் மகள் திருமணத்துக்கு மொய்க் கவரை மண்டிக்காரன் கையில் கொடுத்தனுப்பிவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருந்ததற்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் என்னிடம் இல்லை. வீம்பு, அவ்வளவுதான். திட்டுவதானால் பதில் கடிதத்தின் முதல் பத்தியிலேயே திட்டி முடித்துவிடு. மற்ற விஷயத்துக்கு இடம் வேண்டும்.

நாம் நான்கு ஆண்டுகளாகப் பேசாமலிருப்பதற்குக் காரணம் ஒரு வெள்ளைக்கார டிரம்மர் என்று இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும், ஏதோ நிலத் தகராறை மறைக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள். 2021 ஆகஸ்ட் 24 அன்று அந்த டிரம்மர் சார்லி வாட்ஸ் தமது 80ஆவது வயதில் இறந்தார். செப்டம்பர் 26 அன்று அவருடைய ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் மேடை ஏறிவிட்டது. 1963 முதல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதரின் சாம்பல் ஆறுவதற்குள் கடையைத் திறந்துவிட்டார்கள், இனி அந்தக் குழுவின் பாட்டு என் காதில் விழக்கூடாது என்று நான் உனக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். தமக்குப் பதிலாக ஸ்டீவ் ஜோர்டனை வாசிக்கக் கேட்டுக்கொண்டவரே சார்லிதான், உனக்கு என்ன வந்தது என்று நீ ஒரு வரியில் பதில் போட்டாய். நீ சொன்னது உண்மை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், வயதான பாடகர்கள் மேடையை விட்டு இறங்க வேண்டுமா என்ற அதே பஞ்சாயத்து சென்ற ஞாயிற்றுக்கிழமை மாம்பழ மண்டி மாடியில் மறுபடியும் கூடி, கைகலப்பு ஒன்றுதான் பாக்கி என்ற அளவுக்குப் போய்விட்டது. ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்னிலிருந்துதான் ஆரம்பம். ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமில், தாம் பிறந்து வளர்ந்த பகுதிக்குப் பக்கத்து மைதானத்தில், பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத நிலையில் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் அமர்ந்து அவர் கடைசி முறையாகப் பாடியதையும், பதினேழாம் நாள் 76 வயதில் இறந்துபோனதையும் நீ அறிவாய். அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, பாடுபவர் சாகும்வரை மேடையில் இருப்பது கொடுப்பினை என்று நம் கூட்டாளி கிரானைட் சொன்னான்; அது கொடுப்பினை இல்லை, கொடுமை என்று போஸ்ட்மாஸ்டர் சொன்னார். அங்கிருந்து பேச்சு ஸ்டோன்ஸுக்குத் தாவியது. 1962இல் தொடங்கிய குழு இன்னும் ஏன் ஊர் ஊராகப் போக வேண்டும், பணம் போதாதா, பேரன் பேத்திகளோடு உட்காரக்கூடாதா என்று போஸ்ட்மாஸ்டர் அடுக்கினார். அவர் பணி ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன; வீட்டில் பேத்திகளோடு உட்கார முடியாமல்தான் தினமும் மண்டி மாடிக்கு வருகிறார் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

கிரானைட்டின் கட்சி உனக்குத் தெரிந்ததுதான்: சீட்டு வாங்குபவன் வாங்குகிறான், பாடுபவன் பாடுகிறான், நடுவில் நீங்கள் யார்? கேட்பதற்கு வலுவான வாதம். ஆனால் அந்த மனிதர்களைச் சந்தைக்கு வந்த சரக்காக மட்டுமே பார்க்கிறான் என்பதால் எனக்கு அது ஒருபோதும் ஒட்டியதில்லை. ஒரு பாட்டை முப்பது, நாற்பது ஆண்டுகள் சுமந்தவனுக்கு அதைப் பாடுபவன்மீது ஏதோ ஓர் உரிமை வந்துவிடுகிறது. அது சட்டப்படி செல்லாத உரிமை. ஆனால் இல்லை என்று எப்படிச் சொல்வது?

மண்டிக்காரன் வழக்கம்போல மாம்பழத்துக்கு வந்தான். பழம் காம்பை விடுகிற நாளில் விட்டுவிட வேண்டும், விடாமல் தொங்கினால் அணில் கடித்ததாகவோ அழுகியதாகவோதான் இறங்கும் என்றான். காம்பு விடும் நாள் மரத்துக்குத் தெரியும், நீ நாள் குறித்தால் அது கல் வைத்துப் பழுக்கவைத்த பழம் என்று நான் சொல்லிவிட்டேன். பழமொழி போல வந்து விழுந்த வாக்கியம், பங்காளி. அவன் மண்டியில் அவன் பாயில் உட்கார்ந்துகொண்டு அவன் தொழிலைக் குத்துகிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. அவன் எழுந்து, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் மூவரையும் அவன் மாடியிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான். பூட்டு அவனிடம் இருந்ததால் நாங்கள் இரவு பத்து மணிவரை அங்கே காவல் கிடந்தோம்.

நீ இருந்திருந்தால் முதலில் கவனித்திருப்பாய்: நான் கட்சி மாறிவிட்டேன். முழுவதும் மாறிவிடவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். மாறியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று கூச்சமானது, மற்றொன்று ஆடி மாதத்தில் நடந்தது.

கூச்சமானதை முதலில் எழுதிவிடுகிறேன். 2003 ஏப்ரல் 4 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் நடந்த ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு நாம் போனதை நீ மறந்திருக்க மாட்டாய். அப்போது நாம் தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள். மறு ஆண்டுதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. நீயும் நானும் ஸ்டோன்ஸ் சின்னமான நீட்டிய நாக்கின் படம் போட்ட நாக்குப் பனியன் போட்டிருந்தோம். காளியாத்தா நாக்கை நெஞ்சில் போட்டுக்கொண்டு கறி தின்னாதீர்கள் என்று புறப்படும்போது அம்மா சொன்னார். அத்திப்பள்ளியில் நீ என்ன தின்றாய் என்பதை நான் இந்த நாள்வரை வெளியில் விடவில்லை. (1970இல் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் ஒரு காளி படத்தைக் காட்டித்தான் ஜான் பாஷ் என்ற மாணவரை அந்த நாக்கை வரைய வைத்தார் என்று பிற்பாடு படித்தபோது, அம்மா இல்லையே என்று இருந்தது.) லண்டனிலிருந்து வந்தவர்களைப் பார்க்க கிருஷ்ணகிரி லண்டன்பேட்டையிலிருந்து வந்திருக்கிறோம் என்று வாசலில் நின்ற காவலரிடம் நீ சொல்ல, அவர் உன்னைத் தனியாக நிறுத்திச் சோதனை போட்டாரே, அந்தக் கதையை இன்றும் ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிக்கிறேன்.

திரும்பி வந்த பேருந்தில் நாம் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார். மிக்குக்கும் கிதார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் அன்று 59 வயது, சார்லிக்கு 61. நம் அரசாங்கமாக இருந்தால் 58இலேயே மாலை போட்டு அனுப்பியிருக்கும், இவர்களுக்கு ஓய்வூதியக் கோப்பை யார் தயார் செய்வது என்று ஓசூர்வரை சிரித்தோம். ‘தாத்தாக்கள்’ என்ற பெயரை வைத்தவன் நான். வரும் தை மாதம் எனக்கு 59, பங்காளி. 2021இல் ஓய்வு வயதை 60 ஆக்கியதால் இன்னும் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பீரியடில் கரும்பலகையின் மேல்வரிக்குக் கையைத் தூக்கினால் தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. நான் நடத்துவதை நிறுத்திவிட வேண்டும் என்று பின்வரிசைப் பையன்கள் பேருந்தில் பேசிக்கொள்கிறார்களோ என்னவோ. அந்த வயதில் நான் பேசியதைவிடக் குறைவாகப் பேசினால் சரி.

45 வயதிலும் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ என்ற அந்த ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று மிக் இளமையில் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதைத்தான் நான் என் எட்டுப் பக்கக் கடிதத்தில் சாட்சியாக வைத்தேன். 2019இல் இதய வால்வுக்குச் சிகிச்சை செய்துகொண்டு, சில வாரங்களில் சிகாகோ மேடையில் ஓடியவர் அவர். 2024 சுற்றுப்பயணத்துக்கு விளம்பர ஆதரவு கொடுத்தது அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்களுக்காக இயங்கும் ஏ.ஏ.ஆர்.பி. அமைப்பு! நாம் ஓசூர் பேருந்தில் அடித்த நையாண்டியை அவர்களே கேட்டுவிட்டுச் செய்தது போல இருக்கிறது. அந்தச் சுற்று ஜூலையில் முடிந்த ஐந்தாம் நாள் மிக்குக்கு 81 வயது நிறைந்தது. இளமையில் சொன்ன வார்த்தைக்கு ஒரு மனிதனைக் கட்டிப்போடுவது என்றால், நீயும் நானும் கல்லூரி விடுதியில் சொன்னவற்றுக்கு நம்மை எங்கே கட்டிப்போடுவது?

இனி ஆடி மாதத்துக் கதை. ஓஸி இறந்த அதே வாரத்தில், காவேரிப்பட்டணத்துக்கு அப்பால் ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் கர்ணன் சாகும் இரவுக் கூத்துக்குப் போயிருந்தேன். பழைய கூத்து வாத்தியார்தான் கர்ணன். பெயர் எழுதவில்லை, நாம் சிறுவர்களாக இருந்தபோது விடியவிடிய யாரைப் பார்த்து வாய் பிளந்தோமோ அவரேதான். எண்பதை நெருங்குகிறார். திரையை விலக்கியபோது எனக்குத் திக்கென்றது: கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வந்தார், இரண்டு பையன்கள் பெஞ்சைத் தூக்கி வைத்தார்கள். கிரிக்கி எனும் சுழல் ஆட்டம் சுற்ற வேண்டிய இடங்களில் அவருடைய மாணவன் ஒருவன் அதே வேடத்தில் எழுந்து சுற்றினான், சுற்றி முடித்ததும் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். இருவரும் கர்ணன்தான், கூட்டத்தில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. மேல் ஸ்தாயியில் அவர் பாதி அடி எடுத்துக் கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் மீதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

என் பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவன், பெரியவரை ஏன் இப்படி வதைக்கிறார்கள் என்றான். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம் வந்தபோது முகவீணையும் மிருதங்கமும் அடங்கின. வாத்தியார் பாடவில்லை, பேசினார். போகிறேன் என்பதை மட்டும் மூன்று விதமாகச் சொன்னார். நாற்பது வயதில் சுழன்று சுழன்று ஆடியபோதும் அவரிடம் இல்லாத ஒன்று அன்று இருந்தது. சாகப்போகிறவன் விடைபெறும் கட்டத்தை, சாவுக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லும்போது அது நடிப்பாக இல்லை. அந்த இளைஞன் அதன் பிறகு வாய் திறக்கவில்லை. விடிந்ததும் வாத்தியாரிடம் போய், இன்னும் எத்தனை வருஷம் ஐயா என்று கேட்டேன். கூப்பிடுகிறார்கள், போகிறேன், கூப்பிடவில்லை என்றால் வீட்டிலேயே கட்டிக்கொண்டு உட்காருவேனா என்றார். அரிதாரம் அழிக்கத் தேங்காய் எண்ணெய் கேட்டார், பிறகு டீ கேட்டார்.

வீட்டுக்கு வந்து, நான்கு ஆண்டுகளாகத் தொடாத கேசட்டுகளை எடுத்து வைத்தேன். கீத் ரிச்சர்ட்ஸின் விரல்களில் மூட்டுவாதம் வந்துவிட்டது. அதனால் வாசிக்கும் விதம் மாறியிருக்கிறது என்று அவரே 2023இல் சொன்னார். 2006இல் பீஜித் தீவில் மரத்திலிருந்து விழுந்து மண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனிதர் அவர், மூட்டுவாதமா தடுக்கும்? ஸ்டோன்ஸின் 2023 ஆல்பத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அதில் சார்லி இறப்பதற்கு முன் வாசித்துவைத்த இரண்டு பாட்டுகளும் இருக்கின்றன. 1993இல் குழுவிலிருந்து விலகிய பாஸ் கிதார்க்காரர் பில் வைமன் ஒரு பாட்டுக்கு வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். சார்லியின் சாம்பல் ஆறுவதற்குள் கடையைத் திறந்தார்கள் என்று எழுதியவன் நான். வீட்டுக்குள் அவருக்கும் இலை போட்டு வைத்திருந்தார்கள் என்பது ஆல்பம் வந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. உன் ஒருவரிப் பதிலை எடுத்து மறுபடி படித்தேன். கையெழுத்து கண்றாவியாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்றில் நான் இறங்கிவர மாட்டேன், அதை நீ இப்போதே தெரிந்துகொள். பின்பாட்டுக்காரன் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கிறான்; தூக்கிக் கொடுக்கிறான் என்று கூட்டத்துக்குத் தெரியும், அதில் அவமானம் இல்லை. முன்னாலேயே பதிவு செய்த குரலை ஓடவிட்டு வாயசைத்துவிட்டு, இன்னும் பாடுகிறேன் என்று நம்பவைத்தால் மட்டும் நிறுத்திவிடு என்று நான் சொல்வேன், அது யாராக இருந்தாலும் சரி. ஜெனிசிஸ் குழுவின் கடைசிச் சுற்றில் பில் காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார், டிரம்மில் அவருடைய மகன் இருந்தான். 2022 மார்ச்சில் லண்டனில் முடித்துக்கொண்டார்கள். வாத்தியாரின் பெஞ்சும் அந்த நாற்காலியும் எனக்கு ஒன்றுதான். பாடகரின் குரல்வளைக் காயம் ஆறாது என்று தெரிந்ததும் 2024 ஆகஸ்டில் ஏரோஸ்மித் குழு சுற்றுப்பயணங்களிலிருந்து விலகிக்கொண்டதே, அதையும் குறைத்து மதிப்பிட மாட்டேன். பெஞ்சில் வர முடிந்தவன் வரட்டும், முடியாதவன் சொல்லிவிட்டு நிற்கட்டும். இதில் நீ என்ன ஓட்டை கண்டுபிடிப்பாய் என்று எனக்கே ஓரளவு தெரியும்: ஸ்டுடியோவில் ஒட்டிச் சேர்க்கிறார்களே, அது மட்டும் என்ன என்பாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் மண்டி மாடியில் சொல்ல நினைத்து, கல் வைத்த பழத்தோடு நின்றுபோயிற்று. மண்டிக்காரன் ஒரு வாரமாக என் தொலைபேசியை எடுப்பதில்லை. பழையபேட்டையில் எதிரே வந்தால் வண்டியைச் சந்துக்குள் விடுகிறான். உன் பேச்சை அவன் தட்ட மாட்டான். நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லாமல், நீயாகச் சொல்வது போல ஒரு வார்த்தை சொல்லிப் பார். இன்னொன்று: பெங்களூரில் வாங்கிய அந்த இரண்டு நுழைவுச் சீட்டின் பாதித் துண்டுகளையும் நீதான் டைரியில் வைத்தாய். என்னுடையதை அனுப்பு. தபாலில் வேண்டாம், கையில் கொண்டு வா.

இப்படிக்கு,
உன்
லண்டன்பேட்டைக்காரன்