வெள்ளை பெயின்ட் அடித்துவிடாதே, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

மேலே படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்துவிட்டு வா. நீ ராக்கெட் மாதிரி செய்யத் தீக்குச்சிகளில் கத்தரித்த மருந்துத் தலைகளையெல்லாம் ஒரு கண்ணாடி பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். அந்தப் பாட்டில் நிறைய இப்போதே தண்ணீரை ஊற்று. பெட்டியின் பக்கவாட்டில் உரசினால்தான் பற்றும் என்று நீ நினைத்திருப்பாய். ஒற்றைக் குச்சிக்கு அது சரி. பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து ஒரு பாட்டில் நிறைய இருந்தால், ஒரு பொறி போதும், எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். உன் ஆச்சி தீப்பெட்டி ஆபீஸில் எத்தனையோ வருஷம் கட்டையில் குச்சி அடுக்கியவள். மருந்து முக்கும் அறைப் பக்கம் எங்களை ஒருநாளும் அண்டவிட்டதில்லை.

ஊற்றிவிட்டாயா? இனி ராக்கெட்டைப் பற்றிப் பேசலாம்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட்! சந்திரயான்-3ஐத் தூக்கிக்கொண்டு 2023 ஜூலை 14 அன்று போன அதே வண்டி. அசல் உயரம் 43.5 மீட்டர், நீ இருபத்தைந்தில் ஒரு பங்கு எடுத்திருக்கிறாய். அப்படியென்றால் 174 சென்டிமீட்டர். உன்னைவிட உயரம்! 4 மீட்டர் குறுக்களவுள்ள நடு உடம்பு உன் கையில் 16 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் நிற்கிற எஸ்-200 பூஸ்டர்கள், அதாவது புறப்படும்போது சேர்ந்து தள்ளுகிற துணை ராக்கெட்டுகள், 12.8 சென்டிமீட்டர். அளவு பிசகாமல் கணக்குப் போட்டிருக்கிறாய். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

வளையம் சரியாகக் கூடமாட்டேன் என்கிறது, கடைசியில் அரைக் குச்சி இடைவெளி விழுகிறது என்று வருத்தப்பட்டாயே, அது உன் கைத்தப்பு இல்லை. 16 சென்டிமீட்டர் வட்டத்தைச் சுற்றி வர 50 சென்டிமீட்டர் சொச்சம். 2 மில்லிமீட்டர் குச்சி 251 வேண்டும். ஒவ்வொரு குச்சியும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடித்திருந்தால்கூடப் போதும், சுற்றி முடிப்பதற்குள் பன்னிரண்டு குச்சி மிஞ்சிவிடும். மரத்தை உருளையில் வைத்துத் தாள் மாதிரி உரித்து, அந்தத் தாளைத்தான் குச்சியாக வெட்டுகிறார்கள். ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் தடிப்பு கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதனால் ஒட்டுவதற்கு முன்னால் தரம் பிரி. ஒரு சின்ன மரத்துண்டில் 2 மில்லிமீட்டர் பள்ளம் போட்டுக்கொள். இறுக்கமாக நுழைவது ஒரு கிண்ணம், தளர்வாக நுழைவது ஒரு கிண்ணம். ஒரு வளையத்துக்கு ஒரே கிண்ணத்துக் குச்சிதான். ஆச்சிக்குப் பள்ளமெல்லாம் வேண்டாம். கட்டைக்குள் செருகும்போதே கோணல் குச்சியை விரல் கண்டுபிடித்துத் தூர எறிந்துவிடும்.

கடைத் தீப்பெட்டியை வாங்கித் தலையை வெட்டுவதையும் இத்தோடு நிறுத்து. ஆபத்து மட்டும் காரணமில்லை. தீ மருந்திலிருந்து மரத்துக்கு இறங்க வேண்டும் என்பதற்காகக் குச்சியின் முனையை மெழுகில் முக்குவார்கள். நீ மருந்தை வெட்டி எறிந்தாலும் அந்த மெழுகு மரத்துக்குள் ஊறிக் கிடக்கும். ஃபெவிகால் அதன்மேல் பிடிக்காது. உன் இரண்டாவது பூஸ்டரில் வரிசை வரிசையாக ஒரே மட்டத்தில் விரிசல் விட்டிருப்பதைப் போட்டோவிலேயே பார்த்தேன். எல்லாம் மெழுகு முனைகள் வந்து சேர்ந்த இடம். மருந்து முக்காத வெறும் குச்சி எங்கள் பக்கம் கிலோ கணக்கில் கிடைக்கும், நான் அனுப்புகிறேன். புது வரிசை வைக்கும்போது கொத்தனார் செங்கல் வைப்பதைப் போல இணைப்பு மாறி மாறி வரட்டும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். வேலை முடிந்ததும் வெள்ளை எனாமல் அடிக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அடிக்காதே.

2008 அக்டோபரில் சந்திரயான்-1 போன கையோடு அதைக் கொண்டுபோன பிஎஸ்எல்வி ராக்கெட்டை நானும் குச்சியில் செய்தேன். ஆறு துணை மோட்டாரும் வைத்து, ஏழு மாதம். கடைசியில் அசல் மாதிரியே இருக்கட்டும் என்று வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் குச்சிகளுக்கு நடுவில் இருந்த கோடெல்லாம் மூடிப்போய், தண்ணீர்க் குழாயில் செய்த மாதிரி நின்றது. வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்கு அழுதேன். இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து கிளாட்புரூக் என்ற சிற்றூரில் பேட்ரிக் ஆக்டன் 1977 முதல் தீக்குச்சியில் செய்துகொண்டிருக்கிறார். சேலஞ்சர் விண்ணோடம், பன்னாட்டு விண்வெளி நிலையம் எல்லாம் அவர் கையில் பிறந்தவை. குச்சியும் மரப்பசையும்தான். அவரும் ஆரம்பத்தில் உன்னைப்போலத் தலையை வெட்டியவர்தான், பிறகு தலையில்லாக் குச்சிக்கு மாறினார். பிரான்ஸில் ரிச்சர்ட் பிளோ 7,06,900 குச்சியில் 7.19 மீட்டர் ஈஃபில் கோபுரம் கட்டினார். தலையில்லாத குச்சி கடையில் விற்பதில்லை என்று 2024இல் கின்னஸ்காரர்கள் முதலில் சாதனையை ஏற்கவில்லை, அப்புறம் மனம் மாறி ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் மறுத்ததற்குச் சொன்ன இன்னொரு காரணத்தை நான் மறக்கவில்லை: குச்சி குச்சியாக அடையாளம் தெரிய வேண்டும் என்பது. பிளோவுக்கு அதைச் சொன்னது அநியாயம். ஆனால் அந்த விதியில் ஒரு நியாயம் இருக்கிறது. பெயின்ட் அடித்த என் பிஎஸ்எல்வி அதில் தோற்றிருக்கும்.

பெயின்ட் இல்லாமல் ராக்கெட்டின் கறுப்புப் பட்டைக்கு என்ன செய்வது என்று கேட்பாய். கடலை வறுக்கிற மணலை இரும்புச் சட்டியில் போட்டுச் சூடாக்கு. வெறும் குச்சியை, மருந்து முக்காத குச்சியை மட்டும்தான், இடுக்கியால் பிடித்து மணலில் செருகு. முதலில் பொன்னிறம், அப்புறம் கருப்பட்டி நிறம், இன்னும் கொஞ்சம் விட்டால் கரி. வேண்டிய இடத்தில் எடுத்துவிடு. பட்டையும் எழுத்தும் அந்த நிறங்களிலேயே வரும். மேலே நிறமில்லாத வார்னிஷ் மெல்லிசாக ஒரு கோட் போதும். அப்புறம் விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார். நடு உடம்பு மட்டும் ஐயாயிரம் குச்சிக்கு மேல். அத்தனையும் தனித்தனியாகத் தெரியும்.

வெளிறிய குச்சி ஒரு பை, மஞ்சள் ஓடியது ஒரு பை என்று பிரித்துக் கட்டி வைத்திருக்கிறேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன், விரலுக்குப் பழைய வேலை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வரும்போது கொடுத்துவிடுகிறேன். விரிசல் விட்ட அந்த இரண்டாவது பூஸ்டரை உடைத்துப் போடாதே. நான் வந்து ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை
கோவில்பட்டி